சிம்சிட்டி 2000: சாய்வான கோணத்தை விட்டுட்டுப் பார்த்தா, முதல் ஆட்டத்தைவிட என்ன முன்னேற்றம்?

#1 · பழைய மேயர்

நாம மேயரா இருந்து நகரம் கட்டுற கணினி ஆட்டமான சிம்சிட்டி 2000-ஐப் பத்திப் பேச்செடுத்தாலே எல்லாரும் அந்தச் சாய்வான கோணத்துல ஆரம்பிச்சு அங்கயே முடிச்சிடுறாங்க. 1989 ஆட்டத்துல நகரம் தரையில விரிச்ச வரைபடம். 1993-ல அது எழுந்து நின்னுச்சு, மேடு பள்ளம் வந்துச்சு, நாலு பக்கமும் திருப்பிப் பார்க்க முடிஞ்சுது. அழகுதான், மறுக்கல. என் கட்சி வேற: முதல் ஆட்டத்துல வருஷம்ங்கிறது மூலையில ஓடுற ஒரு எண். ரெண்டாவது ஆட்டத்துலதான் அந்த எண்ணுக்குப் பல் முளைச்சுது.

என்னைக் கடிச்ச கதையைச் சொல்றேன். 1900-ல தொடங்கின நகரம். முதல் நாளே ஒரு நிலக்கரி மின்நிலையம், 4,000 டாலர், 200 மெகாவாட். மெல்ல வளர்ந்துச்சு. 1912-ல கையில பணம் சேர்ந்ததும், இனிமே மின்சாரக் கவலையே வேண்டாம்னு ஒரே மூச்சுல நாலு நிலையம் வச்சேன். 1950-ல முதல் நிலையம் அதோட 50 வருஷ ஆயுசு முடிஞ்சு இடிஞ்சுது. வேற ஒண்ணு வச்சுட்டுச் சாலை போடப் போயிட்டேன். அப்பவாவது கணக்குப் போட்டிருக்கணும். 1962-ல மிச்சம் நாலும் ஒரே சமயத்துல மண்ணாச்சு. புதுசா நாலு வைக்க 16,000 வேணும், கஜானாவுல 11,000 சொச்சம். ரெண்டு வச்சேன். பாதி ஊருக்கு மேல, மின்சாரம் இல்லைன்னு காட்டுற மின்னல் குறி கண்ணடிச்சுது. கடன் பத்திரம் கேட்டுப் போனா, ஏற்கெனவே வாங்கின கடனைப் பார்த்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க. ஆத்தங்கரை ஓரமா இருந்த அடுக்குமாடி வரிசை ஒவ்வொண்ணா கறுத்து, ஆள் இல்லாத கூடு ஆச்சு. அதுக்கு முன்னாடி பூகம்பம் வந்திருக்கு, அரக்கன் வந்திருக்கு, அதெல்லாம் ஞாபகத்துல நிக்கல. இது நின்னுச்சு, ஏன்னா இதைப் பண்ணினது நான், அதுவும் 50 வருஷம் முன்னாடி.

முதல் ஆட்டத்துல நிலக்கரி நிலையம் 3,000, அணு நிலையம் 5,000. வச்சா வச்சதுதான். காலம் முடியுற வரைக்கும் ஓடும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே ரெண்டாவது ஆட்டம் வேற சாதின்னு சொல்றேன். மறுக்கிறவங்க வாங்க.

#2 · தண்டவாளம்

வந்துட்டேன்.

மேயரே, கதை நல்லா இருக்கு. ஆனா அதுல ஆட்டத்தோட பெருமையைவிட உங்க சோம்பேறித்தனம்தான் எனக்குத் தெரியுது. (கோவிச்சுக்காதீங்க.) முதல் ஆட்டத்தை ஏதோ பொம்மை மாதிரி ஒதுக்குறதுதான் எனக்குப் பொறுக்கல.

2008-ல முதல் ஆட்டத்தோட மூல நிரலை மைக்ரோபோலிஸ்ங்கிற பேர்ல திறந்த மூலமா வெளியிட்டாங்க. உட்கார்ந்து படிச்சேன். போக்குவரத்துப் பகுதி மட்டும் சொல்றேன். ஒரு வீட்டு ஜோன்ல (வீடு எழும்பட்டும்னு நாம ஒதுக்குற நிலம்) இருந்து கற்பனையா ஒரு வண்டி கிளம்பும். ஜோனோட ஓரத்துல சாலை தட்டுப்படுதான்னு பார்க்கும். கிடைச்சா ஏறி, சந்திப்பு வர்ற இடத்துல எல்லாம் குலுக்கல் போட்டு ஒரு பக்கம் திரும்பும். 30 கட்டம் போறதுக்குள்ள பக்கத்துல கடையோ தொழிற்சாலையோ தென்பட்டா பயணம் வெற்றி, அது போன பாதையில நெரிசல் கொஞ்சம் ஏறும். தென்படலைன்னா அந்த ஜோனுக்குக் கெட்ட பேரு. அவ்வளவுதான்! ஊருல யாருக்கும் பேர் இல்ல, முகவரி இல்ல, வழியும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்குற இந்த வண்டிகள்ல இருந்துதான் நாம திட்டித் தீர்த்த அத்தனை டிராஃபிக் ஜாமும் வந்துச்சு.

இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுது. நெரிசல் பதியுறது சாலைக் கட்டத்துல மட்டும். தண்டவாளத்துல வண்டி போகும், நெரிசல் பதியாது. நிலையம்னு ஒண்ணு கட்டவும் வேண்டாம். அதனாலதான் சாலையே போடாம முழு நகரத்தையும் ரயில்லயே ஓட்டினவங்க ஜெயிச்சாங்க. என் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியும்.

120-க்கு 100 கட்டம், மூணுக்கு மூணு ஜோன், ஒரே வரி விகிதம். இத்தனை கொஞ்சத்தை வச்சுக்கிட்டு அத்தனை நகரம் எழுப்பினது பெருசா, இல்ல 128-க்கு 128-ல ஐம்பது பொத்தான் வச்சது பெருசா?

#3 · மேயரம்மா

தண்டவாளம் அண்ணே, "சாலையே இல்லாத ஊரு ஜெயிச்சுது"ன்னு பெருமையா சொல்றீங்களே, அதைத்தான் நான் குறைன்னு சொல்வேன். ரெண்டாவது ஆட்டம் அந்த ஓட்டையை அடைச்சுது. ரயிலுக்கு நிலையம் கட்டணும், பேருந்துக்கு டிப்போ, சப்வேக்கு நிலையம், நெடுஞ்சாலைக்கு ஏறு வழி. ஏறு வழி இல்லாத நெடுஞ்சாலை வெறும் அலங்காரம். முதல் தடவை ஊரைச் சுத்தி மோதிரம் மாதிரி நெடுஞ்சாலை போட்டேன், ஒரு வண்டி ஏறல. என்னடான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

ஆனா மேயர் சாரோட கட்சியிலயும் நான் இல்ல. எனக்கு முன்னேற்றம்னா ஜோன்தான். முதல் ஆட்டத்துல ஜோன்ங்கிறது 100 டாலர் கொடுத்து வாங்குற மூணுக்கு மூணு சதுரம். ஆத்தங்கரையில ரெண்டு கட்டம் அகலத்துல துண்டு நிலம் மிஞ்சினா, பூங்கா வைக்கலாம், இல்லைன்னா சும்மா விடணும். சிம்சிட்டி 2000-ல சுட்டியை இழுத்தா இழுத்த அளவுக்கு ஜோன். லைட், டென்ஸ்னு ரெண்டு அடர்த்தி. லைட் ஜோன்ல ஒரு கட்டத்து வீடா நிக்கும், டென்ஸ்ல மூணுக்கு மூணு கோபுரம் வரைக்கும் போகும். எந்தத் தெரு அமைதியா இருக்கணும், எங்க கூட்டம் நெரியணும்னு நீங்களே சொல்லலாம். சாலையும் ஜோனைத் தொட்டுக்கிட்டே இருக்க வேண்டாம், மூணு கட்டம் தள்ளி இருந்தாலும் போதும். அதனாலதான் அந்தக் காலத்துல எல்லாரோட ஊரும் ரெண்டு சாலைக்கு நடுவுல ஆறு கட்டம்னு வரிசையா இருக்கும். என்னோடது உட்பட. ஒரு பெரிய பாத்தி கட்டின வயல் மாதிரி.

#4 · நிலத்தடி

யாரும் கீழ இறங்கவே இல்லையே.

தரைக்கு அடியில போற பொத்தானை முதல் தடவை அமுக்கினது எனக்கு இன்னும் ஞாபகம். ஊரு மொத்தமும் மறைஞ்சு வெறும் மண்ணு. கட்டடம் இருந்த இடத்துல எல்லாம் குட்டிக் குட்டிக் குழாய் துண்டு, ஒண்ணோட ஒண்ணு சேராம. பம்ப் வச்ச இடத்துல இருந்து ஒரு பைப்பை இழுத்து அந்தத் துண்டைத் தொட்டதும் உள்ள நீலம் ஓடுச்சு பாருங்க! கட்டம் 3 டாலர். சப்வே கட்டம் 100. மேல ஒரு கல்லைக்கூட நகர்த்தாம ஊருக்கு அடியில இன்னொரு ஊரு. மேலேர்ந்து பார்க்குற வரைபடத்துல இதுக்கு இடமே கிடையாது. சாய்வான கோணத்தை விட்டுட்டுப் பேசணும்னு மேயர் சொல்றாரு. அந்தக் கோணத்துலதான் நிலத்துக்கு ஆழம்னு ஒண்ணு வந்துச்சு. அதை விட்டுட்டா எப்படிப் பேசுறது?

#5 · தண்டவாளம்

> உள்ள நீலம் ஓடுச்சு பாருங்க

ஓடுச்சு. சரி. ஓடலைன்னா என்ன ஆச்சு? சொல்லுங்க.

ஒண்ணும் ஆகல. தண்ணீரே இல்லாம அந்த ஆட்டத்துல ஊரு வளரும். நான் ஒரு பைப்பும் போடாம பல வருஷம் ஓட்டியிருக்கேன், வீடு எழும்பும், கடை எழும்பும், வரி வரும். தண்ணீர் வந்தா ஊரு இன்னும் செழிக்கும், அவ்வளவுதான். மின்சாரம் இல்லைன்னா செத்துப்போற ஊரு தண்ணீர் இல்லைன்னா தும்மக்கூட மாட்டேங்குது. பார்க்க அழகான ஏற்பாடு, வேலை அரைகுறை. இந்த மாதிரி அரை வேலையைத்தான் "முன்னேற்றம்"னு நாம கொண்டாடுறோம்.

#6 · நிலத்தடி

ம்ம். அது உண்மைதான். பம்ப் தர்ற அளவும் வானிலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும், அதனால நேத்து நீலமா இருந்த பேட்டை இன்னிக்குக் காஞ்சு கிடக்கும், என்ன காரணம்னு புரியாம நான் பம்ப் மேல பம்ப்பா வச்சுக்கிட்டே போவேன். கடைசியில பம்ப்புக்குக் கொடுத்த மின்சாரத்துக்காக இன்னொரு மின்நிலையம் வச்ச ஆளு நான். இதுக்கு மேல வாதாட மாட்டேன். ஆனா பைப் போடுறது சுகமா இருந்துச்சு, அதை யாரும் பறிக்க முடியாது.

#7 · புதுசா வந்தவன்

வணக்கம். நான் ரெண்டுமே ஆடினதில்ல. இப்போதான் 2000-ஐ எமுலேட்டர்ல (பழைய ஆட்டங்களை இப்போ ஓட்டுற மென்பொருள்) ஏத்தியிருக்கேன். தொடக்கத்துல 1900, 1950, 2000, 2050-ன்னு நாலு வருஷம் கேக்குது. எதை எடுக்கறது? அப்புறம் நிலப்பரப்பு உருவாகும்போது "ரெட்டிகுலேட்டிங் ஸ்ப்லைன்ஸ்"னு ஒண்ணு வருதே, அது என்ன வேலை?

#8 · மேயரம்மா

தம்பி, அது ஒரு வேலையும் இல்ல. கேக்க கனமா இருக்கட்டும்னு வச்ச வெத்து வார்த்தை. அதுக்கு அர்த்தம் தேடி நாங்க எல்லாரும் ஒரு காலத்துல அலைஞ்சிருக்கோம், நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

#9 · பழைய மேயர்

புதுசா வந்த தம்பிக்கு: 1900. யோசிக்கவே வேண்டாம். ஏன்னு சொல்றேன், அதுலயே தண்டவாளத்துக்கும் பதில் வந்துடும்.

1900-ல நிலக்கரி, எண்ணெய், நீர்மின் மூணுதான் கையில. எரிவாயு, அணு, காத்தாலை, சூரிய மின்சாரம் எல்லாம் அதது காலத்துல வரும். அணு நிலையம் 1955 வாக்குல வர்ற செய்தியைப் பத்திரிகையில பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, 2050-ல தொடங்கி எல்லாத்தையும் பட்டியல்ல பார்க்குறவனுக்கு அது கிடைக்காது. நுண்ணலை நிலையம் 2020-ல வரும், 28,000 டாலர், 1,600 மெகாவாட். விண்ணுல இருந்து கதிரா மின்சாரம் இறங்கும். கதிர் தட்டைத் தவற விட்டா பக்கத்துத் தெரு எரியும். 2050-ல ஃப்யூஷன்.

மின்நிலையத்தோட நிக்கல. பள்ளிக்கூடத்தை எடுத்துக்கோங்க. முதல் ஆட்டத்துல பள்ளிக்கூடமே கிடையாது, மருத்துவமனைகூட வீட்டு ஜோன்ல தானா முளைக்கும், நமக்கு அதுல கை இல்ல. சிம்சிட்டி 2000-ல ரெண்டையும் நாமதான் கட்டணும், செலவும் நம்மோடது. மக்கள்தொகை ஜன்னலைத் திறந்தா வயசு வாரியா பட்டை பட்டையா நிக்கும், கல்வி அளவையும் அப்படியே வயசு வாரியா பார்க்கலாம். பள்ளிக்கூடம் வச்சதும் குழந்தைங்க பக்கத்துப் பட்டை மட்டும் ஏறும். அந்த மேடு அப்படியே வருஷா வருஷம் வலது பக்கமா நகர்ந்து போகும், பாம்பு முழுங்கின எலி மாதிரி. அது வேலை வயசுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நூலகமும் அருங்காட்சியகமும் இல்லைன்னா வயசாக ஆக அந்தப் பட்டை மறுபடி சரியும். எஃகு, ஜவுளி, எலக்ட்ரானிக்ஸ்னு 11 தொழிலுக்குத் தனித்தனியா வரி வைக்கலாம். ஆனா படிச்ச ஆள் இல்லாம எலக்ட்ரானிக்ஸுக்கு வரியைக் குறைச்சு என்ன பண்ண?

தண்டவாளம் சொல்ற அந்த 30 கட்ட வண்டி எனக்கும் பிடிக்கும். ஆனா அந்த வண்டிக்கு நேத்துன்னு ஒண்ணு இல்ல. நான் பேசுறது அதைப் பத்தி.

#10 · அணைக்கட்டு

இத்தனை நேரம் சும்மா படிச்சுக்கிட்டு இருந்தேன். மேயர் ஐயா, உங்க 50 வருஷக் கட்சியை ஒரே பதிவுல கவுக்கப் போறேன், மன்னிச்சுக்கோங்க.

நீர்மின் நிலையத்துக்கும் காத்தாலைக்கும் ஆயுசு முடிவே கிடையாது.

நீர்மின் 400 டாலர், 20 மெகாவாட், ஒரே கட்டம். அருவி மேலதான் வைக்க முடியும். அருவி இல்லையா? சரிவான கட்டத்துல 100 டாலர் கொடுத்துத் தண்ணீர் வச்சா அதுவே அருவி. ஆறும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். ஆக 500 டாலர், 20 மெகாவாட். பத்து வச்சா 5,000 டாலர், 200 மெகாவாட். உங்க நிலக்கரி 4,000. ஆயிரம் டாலர் கூடக் கொடுத்தா சாகாத மின்சாரம், புகையும் இல்ல. இடமும் குறைச்சல்: நிலக்கரிக்கு நாலுக்கு நாலு, 16 கட்டம். எனக்குப் பத்து கட்டம். ஊரு தொடங்குறதுக்கு முன்னாடியே நிலத்தைத் திருத்துற இடத்துல இலவசமா ஒரு மலையை எழுப்பிக்கோங்க, அதோட நாலு சரிவும் உங்களுக்கு அணை வரிசை.

இது 1900-லயே கிடைக்குது. 1962-ல உங்க ஊரு இருட்டினப்போ என் ஊருல ஒரு பல்பு அணையல.

#11 · தண்டவாளம்

😂😂 மேயரே, இருக்கீங்களா?

#12 · பழைய மேயர்

இருக்கேன். கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. அணைக்கட்டு கையில தோத்துட்டேன்.

போதாக்குறைக்கு இன்னொண்ணையும் நானே ஒப்புக்கிறேன். பூகம்பம், அரக்கன் மாதிரி பேரிடரே வராதபடி ஆட்டத்துல அணைச்சு வச்சுட்டா, பணம் இருக்கிற வரைக்கும் ஆயுசு முடிஞ்ச நிலையத்தை ஆட்டமே தானா புதுப்பிச்சுக்கும். ஆக என் பூச்சாண்டி, அதை நம்பி உட்கார்ந்தவனை மட்டும்தான் பிடிக்கும்.

ஆனாலும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். முதல் ஆட்டத்தை ரயில் உடைச்சுது, ரெண்டாவதை அருவி உடைக்குது. ரயில் தந்திரம் தெரிஞ்சதும் தண்டவாளம் வேற மாதிரி ஊரே கட்டல, பேரையே மாத்திக்கிட்டாரு. நான் இனிமேயும் அருவி வைக்கப் போறதில்ல. தெரிஞ்சே நிலக்கரி வைப்பேன்.

#13 · மேயரம்மா

அது வீம்பு சார். 😀

தந்திரம்னு வந்தாச்சு, ஃபண்ட் பத்திச் சொல்லாம எப்படி? முதல் ஆட்டத்துல ஷிஃப்டை அமுக்கிக்கிட்டு ஃபண்ட்னு தட்டினா 10,000 டாலர் சும்மா வரும். ஆசைப்பட்டுத் திரும்பத் திரும்பத் தட்டினா பூகம்பம். அதே வார்த்தையை 2000-ல தட்டினேன். பணம் வந்துச்சு. கூடவே 25 சதவீத வட்டியும் வந்துச்சு! அது கடன் பத்திரமாம். வருஷத்துக்கு 2,500 டாலர், அசலை அடைக்கிற வரைக்கும். பூகம்பமே தேவலாம், ஒரு தடவையோட போகும். பழைய கள்ளத்தனத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வர்றவனுக்குன்னே வச்ச பொறி அது. வடிவமைச்ச வில் ரைட்டும் ஃப்ரெட் ஹாஸ்லமும் சிரிச்சிருப்பாங்கன்னு நினைச்சுக்குவேன்.

#14 · நிலத்தடி

கடைசிக் கட்டத்தைப் பத்தி யாராவது பேசுங்களேன். ஆர்காலஜி, அதாவது ஒரு ஊரே குடியிருக்குற ராட்சசக் கட்டடம், வந்தப்புறம் ஊருக்கு என்ன ஆகுதுன்னு. அதுல ஒரு வகையான லாஞ்ச் ஆர்கோ ஒண்ணுல 65,000 பேர். நான் நாற்பது வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டின ஊரோட மொத்த மக்கள்தொகை அது. 2,00,000 டாலர் கொடுத்து ஒரு கட்டடத்தை வச்சா அதே எண்ணிக்கை வந்துடுது. அப்புறம் நான் எதுக்கு?

#15 · தண்டவாளம்

இதுல நானும் நிலத்தடியும் ஒரே பக்கம். 2150-க்கு அப்புறம் ஆட்டம் வெறும் வரிசையில வைக்கிற வேலை. 300-க்கு மேல லாஞ்ச் ஆர்கோ வச்சா எல்லாம் ராக்கெட்டா கிளம்பி விண்ணுக்குப் போயிடும், நீங்க வெறும் பள்ளத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க. ஒரு தடவை பண்ணினேன். அந்த ராத்திரி மறுபடி முதல் ஆட்டத்தைத் திறந்து, 1906 சான் பிரான்சிஸ்கோ காட்சியை (தயாரா இருக்கிற ஊரு, தீர்க்க ஒரு சிக்கல், அதுக்கொரு கெடு) எடுத்து, நிலநடுக்கம் முடிஞ்சு எரியுற ஊருல தீ பரவாம இருக்க புல்டோசரால இடைவெளி வெட்டினேன். அஞ்சு வருஷ கெடு, கையில கொஞ்சம் பணம். அந்த அவசரம் 2000-ல எனக்குக் கிடைச்சதே இல்ல. ஓக்லாந்து தீ காட்சி அங்கயும் இருக்கு, நல்லாவும் இருக்கு, ஆனா தீ ஒரு வீட்டுக்குப் பின்னாடி போனா தெரிய மாட்டேங்குது. நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் தேடணும். மேலேர்ந்து பார்த்த காலத்துல தீ எங்கயும் ஒளிஞ்சதில்ல.

#16 · மேயரம்மா

தீயை விடுங்க, நான் ஒரு தடவை போலீஸ் நிலையத்தையே தொலைச்சேன். மலைக்குப் பின்னாடி வச்சுட்டு, இல்லைன்னு நினைச்சு இன்னொண்ணும் வச்சு, ரெண்டுக்கும் வருஷா வருஷம் செலவு கொடுத்திருக்கேன். கட்டடங்களை மறைச்சுட்டுப் பார்க்குற பொத்தான் இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

#17 · புதுசா வந்தவன்

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமா ஆடுறேன். 1900-ல தொடங்கினேன்.

அணைக்கட்டு அண்ணன் சொன்ன மாதிரி மலை எழுப்பலாம்னுதான் போனேன். அப்புறம் மேயர் ஐயா பதிவைப் படிச்சுட்டு வேண்டாம்னு விட்டுட்டேன். பேரிடரையும் அணைக்கல. நிலக்கரி வச்சேன், 1900-ல ஒண்ணு, 1903-ல ஒண்ணு, 1904-ல ரெண்டு. எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதித் திரைக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன்.

இப்போ 1943. பள்ளிக்கூடம் வச்சு 15 வருஷம் ஆச்சு, அந்த மேடு பாதி தூரம் நகர்ந்திருக்கு. போக்குவரத்துக்குக் கொடுக்குற பணத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்னு பார்த்தா ஆலோசகர் கத்துறாரு. கஜானாவுல 6,340. முதல் நிலையத்துக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு.

#18 · பழைய மேயர்

தம்பி, வரியை ஒரு புள்ளி ஏத்துங்க. இப்பவே. 1954-ஐயும் கணக்குல வச்சுக்கோங்க, அந்த வருஷம் ரெண்டு போகும்.